தாழ்ப்பாளும் சைக்கிள் சீட்டும்

கிட்டத்தட்ட இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட எனக்கு அனுமதி கிடையாது. சட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். ஒருநாள் காலையில் குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கடப்பாரை தேடி, கதவை உடைத்து என்னைத் தூக்கியிருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. கண் விழித்தபோது தலைக்கு மேல் ஆஸ்பத்திரி ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பிரஷர் மாத்திரை அளவு கூடிப்போனதுதான் காரணம் என்று டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அதற்கப்புறம் ஒருமுறைகூட எனக்குத் தலை சுற்றவில்லை.

புதுக் கதவு வந்தது, புதுத் தாழ்ப்பாளும் வந்தது. ஆனால் "சும்மா சாத்திக்க, போதும்" என்பது உத்தரவு. நான் குளிக்கும் நேரம் அவர் வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். தண்ணீர் சத்தம் கொஞ்சம் நின்றால் "என்னா?" என்று குரல் வரும். சோப்புப் போடும்போது எப்படித் தண்ணீர் ஊற்றுவது? இதை ஒரு மனிதருக்கு எத்தனை தடவை விளக்குவது?

அவர் ஓய்வு பெற்றபின் இது குளியலறையோடு நிற்கவில்லை. நான் குமாஸ்தாவாக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், சாயந்திரம் வாசலில் நிற்பார். தெருமுனைக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கும். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. மதுரையில் பழங்காநத்தம் மாதிரி நெரிசலான இடத்தில், எந்நேரமும் நாலு பேர் கண்ணில் பட்டுக்கொண்டே வாழும் எனக்கு, யாரும் பார்க்காத ஒரு அரைமணி நேரம் வேண்டியிருந்தது. வேறெதுவும் இல்லை, அவ்வளவுதான்.

கோரிப்பாளையத்தில் என் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபி பெண்தான் வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் பெண்கள் குழு ஒன்றை அவள் நடத்துகிறாள். பள்ளி நாட்களில் நான் சைக்கிளில் பறந்தவள். டாக்டரும் தாராளமாக ஓட்டலாம் என்றார். மகள் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதைச் சரிபண்ணி, சில வாரங்கள் ரேஸ்கோர்ஸ் பக்கம் சுற்றிவிட்டு, தமுக்கம் மைதானத்திலிருந்து திருவாதவூர் வரை போய்வரும் சவாரிக்குப் பெயர் கொடுத்தேன்.

"போ. நானும் வாரேன்" என்றார்.

"பொம்பளைக மட்டுந்தானாம்."

"நான் என்ன சைக்கிள்லயா வாரேன்? ஸ்கூட்டர்லதான வாரேன்."

சவாரி அன்று விடியும்போது தமுக்கத்தில் போய்ப் பார்த்தால், மதுரையில் எல்லா ஆண்களும் இதே மாதிரிதான் யோசிப்பார்கள் போல. சைக்கிளில் நாங்கள் வரிசை கட்டி நிற்க, எங்கள் பின்னால் புருஷன்மார், அண்ணன்மார், ஒரு மாமனார் உட்பட வண்டிகளில் இன்னொரு வரிசை. மாநாட்டுக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது. பிசியோதெரபி பெண் ஸ்கார்ஃபுக்கு மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். "அண்ணே, யாரும் பக்கத்துல வராதீக, பின்னாடியே வாங்க" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மாட்டுத்தாவணி தாண்டுவதற்குள் என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் இருந்தார்.

"மெதுவா. முன்னாடி குழி. பஸ்ஸு வருது, ஒதுங்கு. தண்ணி குடிச்சியா?"

குரல் ஒரு பக்கம் என்றால், கால் இன்னொரு பக்கம். கிளம்பியதிலிருந்தே மிதிக்க முடியவில்லை. முழங்கால் நெஞ்சுக்கு வந்து வந்து போனது. போன வாரம் இப்படி இல்லையே என்று நினைத்தேன். ஒத்தக்கடையில் திரும்பிய பிறகும் யானைமலை நகராமல் கூடவே வந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. என்னைவிட வயதானவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். ஒருவேளை அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறதோ, நான்தான் ஒன்றுக்கும் ஆகாதவளாகிவிட்டேனோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அந்த நினைப்பு கால் வலியைவிட மோசமாக இருந்தது.

திருமோகூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபி பெண் என் சைக்கிளையே பார்த்தாள்.

"அக்கா, சீட்ட யாரு இம்புட்டு எறக்குனது? இதுல ஒக்காந்து மிதிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்?"

நான் இறக்கவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு காலும் தரையில ஊனுற மாதிரி இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்" என்றார். "ஏதாச்சும்னா டக்குனு ஊனிக்கலாம்ல."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. கதவு, தாழ்ப்பாள், பேப்பர், கறிவேப்பிலை எல்லாவற்றையும் அந்த டீக்கடை வாசலில் கொட்டினேன். மற்றவர்கள் நாகரிகமாக வடையில் கவனம் செலுத்தினார்கள். "நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன், உங்களுக்கென்ன?" என்று முடித்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "நீ விழுந்த, அம்புட்டுத்தான். ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "கதவுக்கு இந்தப் பக்கம் நின்னது நானு. கூப்பிடுறேன், கூப்பிடுறேன், சத்தமே இல்ல. தண்ணி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு."

இத்தனை நாளில் அவர் இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து சீட்டை ஏற்றினார். போதாது என்றேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அதற்குள் குழுவும் பின்னால் வந்த வண்டிகளும் கிளம்பிவிட்டன. பிசியோதெரபி பெண் மட்டும் எனக்காக நின்றாள்.

"நீயும் போம்மா, நான் வாரேன்" என்றேன். அவள் யோசித்துவிட்டுப் போனாள். பிறகு அவரிடம், "நீங்களும் போங்க. திருவாதவூர்ல நில்லுங்க. திரும்பிப் பாக்காமப் போங்க" என்றேன். ஸ்பானரைப் பெட்டியில் போட்டார். பிறகு வண்டியை எடுத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்திருப்பார், அதை நான் எப்படித் தடுக்க முடியும்.

நான் கேட்ட தனிமை கிடைத்துவிட்டது. நிம்மதியாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பயமாக இருந்தது. இரண்டு பக்கமும் வயல், வாய்க்காலில் தண்ணீர், ரோட்டில் ஆளே இல்லை. காது ஸ்கூட்டர் சத்தத்தைத் தேடியது. தலை சுற்றுகிறதா, சுற்றுகிறதா என்று யோசித்தே தலை சுற்றிவிடும் போல இருந்தது. சும்மா மணியடித்தேன். அந்தச் சத்தம் துணையாக இருந்தது, விட்டு விட்டு அடித்துக்கொண்டே போனேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "எங்கத்தா போற, தனியாவா?"

"ஆமா, தனியாத்தான்" என்றேன். அதைச் சொன்னபிறகு கால் தானாக மிதித்தது. சீட் சரியான உயரத்தில் இருந்தது. முட்டி வலிக்கவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியதைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நாட்களில் போல எழுந்து நின்றுகூட நாலு மிதி மிதித்தேன். யாரும் பார்க்கவில்லை.

அவர் ஊருக்குள் நிற்கவில்லை. ஊருக்கு வெளியிலேயே வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் இறங்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னும் செத்த நேரம் ஆயிருந்தா திரும்பி வந்திருப்பேன்" என்றார். "மணிச் சத்தம் கேட்டுச்சு. அதான் வண்டிய ஆஃப் பண்ணிட்டேன்."

திரும்பி வரும்போது அவர் மற்ற வண்டிகளோடு பின்னாலேயே வந்தார். குழியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்றிரண்டில் இறங்கி ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் புழங்காமல் கிடந்து இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. அது விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். வெளியே நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார் என்று தெரிந்தது. நான் குழாயைத் திறந்தேன், பிறகு அவர் டீக்கடையில் சொன்னது ஞாபகம் வந்து மூடினேன். சொம்பை எடுத்து வாளி விளிம்பில் தட்டினேன். சோப்புப் போட்டுக்கொண்டே விட்டு விட்டுத் தட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தொண்டையைச் செருமினார்.

"கேக்குது" என்றார். "நான் கடை வரைக்கும் போயிட்டு வாரேன்."

வாசல் கதவு சாத்தும் சத்தமும் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தமும் கேட்டன. அதற்கப்புறமும் நான் கொஞ்ச நேரம் வாளியைத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.