ஜெசிந்தா அக்காவும் நானும் அரக்கன்ர அறையும்

ஜெசிந்தா அக்கா போயிட்டா.

காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க அவவின்ர மகள் டெனிஷில மெசேஜ் போட்டிருந்தாள். ஒரு சப்பாத்து காலில, மற்றது கையில... அப்பிடியே வாசல்லயே இருந்திட்டன்.

இஞ்ச ஹோர்சன்ஸ் டவுன் தமிழ் ஆக்களுக்கு அவவைத் தெரியும். ஊரில பேசாலைக்காரி. மாதா கோயில்ல மைக் எங்கயோ அங்க அவ.

நானும் அவவும் ஒரே பிளைஹெம்மில, அதான் வயோதிபர் இல்லத்தில, ஒரே வார்ட்டில, பதினொரு வருசம். வயது போன டெனிஷ் சனத்தைக் குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து, படுக்கை விரிச்சு...

அதில ரெண்டு வருசம் நாங்கள் கோவம். காரணம் கட்லெட்.

கோயில் பெருநாளுக்கு அவ்வளவு கட்லெட்டும் பொரிச்சது நான்தான். சாப்பாடு முடிய அக்கா மைக்கைப் பிடிச்சு ஒவ்வொருத்தருக்கா நன்றி சொன்னவ. "கட்லெட் செய்த றெஜினாவுக்கும் நன்றி. உப்பு அந்த மேசையில கிடக்கு."

சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே... என்ர மனுசனும் சிரிச்சவர். அவரோட வீட்டில வந்து கதைச்சன், அது வேற.

அண்டையில இருந்து அவவோட தமிழ் கட். ஆனால் வேலையில கதைக்காமல் இருக்கேலாதே? டெனிஷில கதைச்சம். "துவாயைத் தரமுடியுமா?" "இந்தாருங்கள்." "மிக்க நன்றி."

எங்கட லீடர் பென்டெக்கு இது விளங்கேல்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில எழும்பி, "றெஜினாவும் ஜெசிந்தாவும் தங்களுக்குள்ளயே டெனிஷ்தான் கதைக்கினம், எவ்வளவு அருமை!" எண்டு பாராட்டினவ. எல்லாரும் கை தட்டிச்சினம். நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பாத்துக் கொண்டு நிண்டம்.

பிறகு வந்தது ஸ்டாஃப் டூர். மூன் தீவு.

கடல் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, மேல புல்லுக் குன்றுகள், இடைக்கிடை ஐயாயிரம் வருசத்துக்கு முந்தின கல்லறை மேடுகள். ரெண்டு ரெண்டு பேரா மேப்பைப் பாத்து நடந்து, ஒவ்வொரு மேட்டிலயும் போட்டோ எடுக்க வேணும்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரு சோடி," எண்டா பென்டெ. "இண்டைக்கு ஆசை தீரத் தமிழ் கதையுங்கோ."

அக்கா மேப்போட முன்னால. நான் பத்து மீற்றர் பின்னால. மூண்டு மணித்தியாலம் ஒரு சொல்லு இல்லை.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. சுண்ணாம்பு மண் வழுக்கி அக்கா இருந்தபடியே கொஞ்சத் தூரம் போனா. எழும்பேக்க பின்பக்கம் முழுக்க வெள்ளை, மாப்பெட்டிக்குள்ள இருந்திட்டு வந்த மாதிரி. எனக்கு அடக்கேலாமல் சிரிப்பு. அடுத்த இறக்கத்தில நான் விழுந்தன். அவ திரும்பிப் பாக்கேல்லை. ஆனால் தோள் குலுங்கினது தெரிஞ்சுது.

கடைசி மேடு பெரிசு. உள்ளுக்குப் போகலாம். டெனிஷ் சனம் அதை அரக்கன்ர அறை எண்டு சொல்லுறது. ஆனால் வாசல் அரக்கனுக்கு இல்லை, முயலுக்குத்தான் அளவு. தவண்டுதான் போக வேணும்.

நான் முதல் போயிட்டன். உள்ளுக்கு நிமிர்ந்து நிக்கலாம். அக்கா பின்னால வந்தா, முதுகில பெரிய பையோட.

பாதி வழியில 'கிறீச்' எண்டு ஒரு சத்தம். பை மேல் கல்லில இறுகிட்டுது. முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது. வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் அவவே மறைச்சிட்டா.

இருட்டு. ஐயாயிரம் வருசத்துச் செத்த வீடு. கதவா ஜெசிந்தா அக்கா.

அவ உதவி கேக்கேல்லை. நானும் என்னெண்டு கேக்கேல்லை.

கொஞ்ச நேரத்தால மெல்லிய குரல்ல, "அருள் நிறைந்த மரியே..." எண்டு தொடங்கினா. தன்ர பாதியைச் சொல்லி நிப்பாட்டினா.

அந்தச் செபத்தின்ர மற்றப் பாதி கூட இருக்கிற ஆள் சொல்ல வேணும். கூட இருந்தது நான்தான்.

நான் சொல்லேல்லை. அவ திரும்பத் தொடங்கினா. திரும்ப நிப்பாட்டினா. மூண்டாந்தரம் அவவின்ர குரல் நடுங்கினது கேட்டுது...

மற்றப் பாதியைச் சொன்னன். ரெண்டு வருசத்துக்குப் பிறகு அவவோட தமிழ்.

"றெஜி," எண்டா. "எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை."

"அசையாமல் இருங்கோ அக்கா. வாறன்."

படுத்துக் கையை நீட்டி, தடவித் தடவி நெஞ்சுப் பட்டி, தோள் பட்டி எல்லாம் கழட்டினன். ரெண்டு கையிலயும் பிடிச்சு இழுக்க, பையை விட்டிட்டு சர்ரெண்டு வந்து என்ர மடியில விழுந்தா. பிறகு ரெண்டு பேருமாப் பையை இழுத்தம். உள்ளுக்குத் தேத்தண்ணிப் போத்தல், குடை, லூர்து மாதா தண்ணி, பதினாறு மீன் ரோல்ஸ்.

"பதினாறு என்னத்துக்கு அக்கா?"

"உனக்கும் சேத்துத்தான்."

அங்கயே இருந்து சாப்பிட்டம். அக்கா ஒரு ரோலைக் கல்லில வச்சா. "இவையளுக்கு ஐயாயிரம் வருசமா ஒருத்தரும் ஒண்டும் குடுத்திருக்க மாட்டினம்." கொஞ்சம் யோசிச்சிட்டு அதையும் எடுத்துச் சாப்பிட்டா.

பிறகு சொன்னா, "உன்ர கட்லெட்டில உப்புச் சரியாத்தான் இருந்தது. மைக்கைக் கண்டா எனக்கு வாய் நிக்காது."

வெளியில வரேக்க பஸ் ஹோர்ன் அடிச்சுக் கொண்டு நிக்குது. தலை, முழங்கால், மூக்கு எல்லாம் வெள்ளை. பென்டெ எங்களைக் கட்டிப்பிடிச்சு, "கதைச்சுக் கதைச்சு நேரம் போனது தெரியேல்லைப் போல!" எண்டா.

அக்கா என்னைப் பாத்தா. "ஓம்," எண்டா தமிழிலயே.

போன கிழமை ஒரு பின்னேரம், வருத்தமாக் கிடந்த அக்காவை வைலே ஆஸ்பத்திரியில பாத்தன். நல்லா மெலிஞ்சிட்டா. என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல், வார்ட்டுக்குப் புதுசா வந்த தாத்தா பல்லுச் செட்டை யோகர்ட்டுக்குள்ள ஒளிச்ச கதையைச் சொல்லத் தொடங்கினன்.

கண்ணை மூடிக் கொண்டு, "நான் கொஞ்சம் படுக்கப் போறன் றெஜி. நீ கதைச்சுக் கொண்டிரு," எண்டா.

கதைச்சுக் கொண்டிருந்தன். பாக்கிற நேரம் முடிஞ்சுதெண்டு நேர்ஸ் வந்து தோளைத் தட்டும் வரைக்கும்.

நல்லாப் படுங்கோ அக்கா.

(சனிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கட கோயில்ல அக்காவுக்குப் பூசை. வரக்கூடிய ஆக்கள் வாங்கோ.)