மெட்டலே இல்லாத புடவை

என் சித்தப்பாவும் அவருடைய நண்பரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இருவருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே கம்பெனி பஸ். வெளிநாட்டு ஹெவி மெட்டல் குழு ஒன்றின் மேல் இருவருக்கும் ஒரே பைத்தியம். மண்டையோடு போட்ட கறுப்பு டி-ஷர்ட்டோடு கோயிலுக்குக் கிளம்பி சித்தப்பா என் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். "சிவனே மண்டையோட்ட கையில வச்சிக்கினுதான் அண்ணி இருக்காரு" என்று பதில் வேறு சொல்வார்.

அந்தக் குழு பெங்களூருக்கு வந்தபோது இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு போனவர்கள், திரும்பும்போது பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் வந்தார்களாம். நான் அப்போது நாலாம் வகுப்பு. மறுநாள் எங்கள் வீட்டிலும் அதே சண்டை. அது பாட்டைப் பற்றியது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

குழு கெட்டுவிட்டது என்பது சித்தப்பாவின் கட்சி. உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில் பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டாராம். கிட்டார்களின் சுருதியை இறக்கிவிட்டார்களாம். புதுப் பாட்டெல்லாம் ஒரே இழுவை, நடுவில் கீபோர்டு வேறு. நண்பர் விடவில்லை. அறுபதைத் தாண்டியவருக்குத் தொண்டை இருபதிலேயே நிற்குமா? சுருதி இறங்கிய பிறகுதான் அந்தப் பாட்டிலிருக்கும் துக்கமே தெரிந்தது என்றார்.

"நீ எங்க பாட்டு கேட்ட? போனத் தூக்கிப் புடிச்சி யாருக்கோ காட்டிக்கினு இருந்த" என்றார் சித்தப்பா. நண்பர் சட்டென்று போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

இவ்வளவுக்கும் அடுத்த வாரமே அந்த நண்பரை அத்தைக்குப் பேசலாம் என்று அப்பாவிடம் சொன்னது சித்தப்பாதான். ஜாதகமும் பொருந்தியது. ஆனால் நிஜமாகவே மச்சான் ஆகப்போகிற நேரத்தில் அவரை மச்சான் என்று கூப்பிடுவதைச் சித்தப்பா நிறுத்திவிட்டார். பெரியவர்களுக்கு எல்லாமே தலைகீழ் என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஓரிக்கையில் பட்டுத் தறி வைத்திருப்பவர். தன் தறியில் நெய்த புடவையையே தாம்பாளத்தில் வைத்துக் கூடத்தின் நடுவில் வைத்தார். எல்லோரும் தொட்டுப் பார்த்து ஆகா என்றார்கள். அவர் பெருமையோடு கை கழுவப் போனார். திரும்பி வரும்போது, மூலையில் நண்பரோடு நின்ற சித்தப்பாவின் குரல் உயர்ந்தது.

"முன்ன மாதிரி ஹெவியா இல்லபா. சாஃப்ட் ஆக்கிட்டானுங்க. மெட்டலே இல்ல அதுல. சும்மா பேர வச்சிக்கினு ஏமாத்துறானுங்க."

எங்கள் ஊரில் ஹெவி என்றால் ஜரிகை கனத்த புடவை. சாஃப்ட் என்றால் ஜரிகை குறைந்தது. மெட்டல் என்றால் ஜரிகையில் இருக்கிற வெள்ளி. இதற்கு வேறு அர்த்தம் இருப்பது அந்த மனிதருக்குத் தெரிய நியாயமில்லை.

"எங்க பொடவையிலயா மெட்டல் இல்ல? எங்க பரம்பரையிலயே டூப்ளிகேட் ஜரிகையத் தொட்டது கெடையாது. டேய், கெளம்புடா!" என்று மகனைப் பார்த்துக் கத்திக்கொண்டே தாம்பாளத்தில் கை வைத்துவிட்டார். சித்தப்பாவும் நண்பரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அவள்தான் எழுந்து வந்தாள். "மாமா, சின்னண்ணன் சொன்னது பொடவைய இல்ல, பாட்ட" என்று தன் போனை எடுத்து ஒரு பழைய பாட்டையும் ஒரு புதுப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டினாள். கூடம் அதிர்ந்தது.

அவர் முகத்தைச் சுளித்தபடி இரண்டையும் கேட்டார். "இதுல எதுமா பழசு, எது புதுசு? ரெண்டும் ஒரே எரைச்சலாத்தான் இருக்குது."

"என்னப்பா சொல்ற நீ!" "ஐயோ மாமா!" என்று நண்பரும் சித்தப்பாவும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். பழைய பாட்டின் வேகத்தைச் சித்தப்பா விளக்கினார், புதியதன் ஆழத்தை நண்பர் விளக்கினார், ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் பிடித்துக்கொண்டார். "அந்த கிட்டார் வர்ற எடத்த நீ சொல்லு மச்சான்" என்று சித்தப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவே சிரித்துவிட்டார். நல்லபடியாகத் தட்டு மாற்றினார்கள்.

சாப்பாடு முடிந்து சித்தப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் குழு மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன்.

"மாறட்டும் பாப்பா. மாறாம யாரு இருக்காங்க? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு மாறியிருக்கலாம்ல? அதான்."

"யாரு சித்தப்பா, அந்தப் பாடகரா?"

அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே அத்தையிடம் நண்பர் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. அந்த ஆளேதான்" என்றார் சித்தப்பா.

அத்தையின் போனுக்கு அந்தப் பாட்டெல்லாம் எப்படி வந்தன, பெங்களூரில் தூக்கிப் பிடித்த போனின் மறுமுனையில் யார் இருந்தார்கள் என்றெல்லாம் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. என் சித்தப்பாவிடம் சொல்லாமல் மாறிவிட்ட குற்றத்துக்காக, கடல் தாண்டி எங்கேயோ இருந்த ஒரு கிழவரோடு நான் பல வருடம் டூ விட்டிருந்தேன்.