புதுப் படகின் பழைய எஞ்சின்

படகுத்துறையில் எல்லோரும் அவளைச் சைரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய கணவனே வெளியாட்களிடம், "நம்ம சைரன்கிட்ட கேட்டுக்கோங்க" என்பான். டிக்கெட் கூண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்தப் படகு கிளம்பப் போகிறது, யார் குடையை மறந்துவிட்டுப் போனார், யார் பெற்ற பிள்ளை கைப்பிடிக் கம்பியில் தொங்குகிறது என்றெல்லாம் அறிவிப்பது அவள் வேலை. மைக் கெட்டுப்போனாலும் அக்கரைக்குக் கேட்கும் என்று கிண்டல் செய்வார்கள்.

அந்தத் தொண்டையைத்தான் புகை முதலில் பிடித்தது. படகுகள் பின்பக்கத்தைத் துறைக்குக் காட்டியபடி நிற்கும். ஆட்கள் ஏறி இறங்கும்வரை எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி உயிர் வருமோ வராதோ, அவ்வளவு பழசு. குழாய் கக்கும் டீசல் புகை நேராகக் கூண்டுக்குள் வரும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும்.

கணவன் நிலைமை அதைவிட மோசம். அவன் படகின் அடித்தட்டில், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நிற்கும் மெக்கானிக். டாக்டர் அவன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றார்.

"தொட்டதே இல்லைங்க."

"அப்போ அந்த எஞ்சின் ரூமை விட்டுடுங்க."

"விட்டுட்டு எங்கே போறது?" என்று அவன் சிரித்தான். சைரனுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. இனி தண்ணீரில் இறங்கும் புதுப் படகுகளின் எஞ்சின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகையும் கரித்தூளும் விடக்கூடாது. பழைய படகுகள் ஆயுள் முடியும்வரை அப்படியே ஓடலாம். "பழைய படகு விடுறது மட்டும் என்ன பன்னீரா?" என்று அவள் கூண்டுக்குள் இருந்தே கத்தினாள். ஆனாலும் படகுகளின் முதலாளி புதுப் படகு கட்டுகிறார் என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

படகு தயாரான சமயத்தில் ஒரு நாள், கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னன்னு சொல்லித் தொலைங்க."

"புதுப் படகுல எஞ்சின் ஏத்தியாச்சு."

"நல்லதுதானே?"

"பழைய படகுல இருந்து கழட்டி ஏத்தினது. நான்தான் ஏத்தினேன். பெயின்ட் மட்டும்தான் புதுசு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சோதனை பண்ண வந்த ஆபீசர்?"

"மேல்தட்டுல நின்னு காபி குடிச்சிட்டுப் போயிட்டார். கீழே எட்டிக்கூடப் பார்க்கல."

"உங்க நெஞ்சை அரிச்ச எஞ்சினை உங்க கையாலேயே தூக்கி வச்சீங்களா? உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"கத்தாதே. நீ வாயைத் திறந்தா ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

அவள் மறுநாள் முதலாளியிடமே போய்க் கேட்டாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மைக் பிடிக்கத்தானே உன்னை வச்சிருக்கேன்? போய்ப் பிடி."

பிடித்தாள். தொடக்க விழாவன்று துறை நிறைய கூட்டம். வெள்ளை வெளேரென்று படகு நின்றது. படிக்கச் சொல்லி அவள் கையில் கொடுத்திருந்த வாசகம், "புகையில்லாப் பயணம்" என்று தொடங்கியது. அந்த இரண்டு சொற்களைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

"பயணிகள் கவனத்திற்கு" என்றாள். "இந்தப் படகு புதுசு. இதோட வயித்துக்குள்ள இருக்கிற எஞ்சின் பழசு. இவ்வளவு நாள் நம்ம எல்லாரையும் இரும வச்ச அதே எஞ்சின். சந்தேகமா இருந்தா மேடையில இருக்கிற ஆபீசரைக் கீழே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க!"

யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். கரகரத்த தொண்டையாலேயே அதை மறுபடி சொன்னாள். கூட்டம் கை தட்டியது, கூச்சல் போட்டது. தப்பிக்க வழியில்லாமல் அந்த அதிகாரி படகின் அடித்தட்டுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தார். படகு அன்றே நிறுத்தப்பட்டது. கணவன், மனைவி இருவருக்கும் அன்றே வேலை போனது.

வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கை தட்டியவர்கள் மாறியதைத்தான் தாங்க முடியவில்லை. பழைய படகில் எஞ்சின் இல்லை, புதுப் படகும் ஓடவில்லை. ஒரு படகு குறைந்ததால் நிறையப் பேர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அக்கரையில் தையல் வேலை பார்க்கும் நாத்தனார் வாசலில் நின்றே கேட்டாள்: "ஏன் அண்ணி, உங்க வாய் சும்மாவே இருக்காதா? பஸ்ல இடிபட்டுச் சாகிறது நாங்கதானே?"

"உங்க அண்ணன் மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டிருக்கியா நீ? போய்ப் பக்கத்துல உட்கார்ந்து கேளு, போ!"

நாத்தனார் உள்ளே வராமலே திரும்பிப் போனாள். உள்ளே கணவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் காய்கறிச் சந்தையில் ஒரு கடையில் கூவி விற்கும் வேலைக்குப் போனாள். அன்றைக்கு வந்த கோபத்தையெல்லாம் தக்காளி மேல் காட்டினாள்.

மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. முதலாளிக்கு அபராதம் விழுந்தது. எஞ்சினை ஓட்டிப் புகையை அளக்காமல் எந்தப் படகுக்கும் அனுமதி இல்லை என்றும், பழைய படகுகளும் கெடு தேதிக்குள் எஞ்சினை மாற்ற வேண்டும் என்றும் விதியைத் திருத்தினார்கள். வெள்ளைப் படகு நிஜமாகவே புது எஞ்சினோடு ஓடத் தொடங்கியது. துறை வாசலில் முதலாளி ஒரு பலகை மாட்டினார்: "காற்றின் தூய்மையே எங்கள் பெருமை." அதைப் பார்த்து அவள் காறித் துப்பினாள். வேலைக்கு யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. போன நுரையீரல் போனதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அவர்கள் இருவரும் டிக்கெட் எடுத்து அந்தப் படகில் அக்கரைக்குப் போனார்கள். கணவன் எஞ்சின் அறைக் கதவருகே போய் வெகுநேரம் நின்றான். திரும்பி வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது.

"என்னங்க, மூச்சு வாங்குதா?"

"உள்ளே நின்னு நிம்மதியா மூச்சு விட முடியுதுடி. இப்படி ஒரு எஞ்சின் இருக்குன்னு அந்த ஆளுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் என் கையில அந்தப் பழைய சனியனைத் தூக்கிக் கொடுத்தான்."

இத்தனை வருஷத்தில் அவன் முதலாளியை 'அந்த ஆள்' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. படகு திரும்பிக் கரை தட்டியதும் அவன் நேராக முதலாளியின் அறைக்கு நடந்தான். அவள் பின்னால் ஓடவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே அவன் குரல் உயர்ந்தது, இருமலில் அறுந்தது, மறுபடி உயர்ந்தது. வழிமறிக்க வந்த காவலாளியிடம் அவள் சொன்னாள்: "பேசட்டும் விடு. அவர் இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கார்."