ஒரே நேரத்தில் இரண்டு தலைவலி

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உயிர் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நானும் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். எனக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பிறந்துவிட்டாள் என்பதற்காக வாழ்நாளெல்லாம் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அப்பாவுக்குப் பாடியில் தொழிற்சாலை வேலை, அம்பத்தூரில் வீடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவைக் குமணன்சாவடியில் கட்டிக்கொடுத்தார்கள். நான் வீட்டிலிருந்தே நகரத்துக்குப் போய்வந்து இயற்பியல் ஆராய்ச்சி செய்தேன்.

எனக்குச் சளி பிடித்தால் அக்காவுக்கும் பிடிக்கும், அவளுக்கு வயிறு வலித்தால் எனக்கும் வலிக்கும் என்பது அம்மாவின் கணக்கு. என் வயிற்றுவலி போன வாரத்தியதாக இருந்தாலும் அதையும் சேர்த்துக்கொள்வாள். பொருந்தாத நாட்கள் அவள் கண்ணில் படவே படாது.

ஆய்வுக்கூடத்தில் எனக்கும் ஜோடி சேர்க்கிற வேலைதான். ஈயப் பெட்டிக்குள் ஒரு கதிரியக்கப் பொருள் இருக்கும். அதிலிருந்து ஃபோட்டான்கள் என்கிற ஒளித்துகள்கள் இரண்டிரண்டாகப் பிறந்து எதிரெதிர்த் திசையில் ஓடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கருவி. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சிக்னல் வந்தால் அது ஜோடி. அந்த ‘ஏறக்குறைய’ எவ்வளவு என்பதிலேயே என் காலம் போயிற்று. பேச்செல்லாம் நானோசெகண்டில். ஒரு நானோசெகண்டில் ஒளியே ஓர் அடிதான் போகும். அவகாசத்தைத் தாராளமாக விட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஃபோட்டான்கள் ஜோடியாகிவிடும். அதனால் ஒரு பக்கம் வேண்டுமென்றே நீளமான கேபிளைப் போட்டுத் தாமதப்படுத்துவோம். உண்மையான ஜோடிகள் தவறிப்போகும். அப்படியும் பொருந்துவது குருட்டாம்போக்கு, அதைக் கழித்துவிட வேண்டும். அம்மா எதையும் கழிக்க மாட்டாள்.

இவ்வளவு பாடும் ஒரு கேள்விக்காக. அளக்கும்போது சொல்லப்போகிற பதிலை ஜோடி ஃபோட்டான்கள் பிறக்கும்போதே கையோடு கொண்டுபோகின்றனவா? அப்படியென்றால் இரண்டின் பதிலும் பொருந்துவதற்கு ஒரு வரம்பு உண்டு. அளந்தவர்கள் அந்த வரம்புக்கு மேலேயே பொருத்தம் பார்த்தார்கள். ஒன்று மற்றதற்குச் சேதி சொல்கிறதோ என்ற சந்தேகத்துக்கு, எண்பதுகளில் வெளிநாட்டில் ஒரு குழு, ஃபோட்டான்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கிற கோணத்தை மாற்றிப் பார்த்தது. ஒளியின் வேகத்தில் சேதி கிளம்பினாலும் மறுபக்கம் போய்ச் சேர நேரமிருக்காது. அப்போதும் பொருந்தியது. அதுதான் அதிசயம்.

எங்கள் வீட்டுச் சேதி பூந்தமல்லி பஸ்ஸில் போனது. எனக்குத் தலைவலி வந்ததை அம்மா குமணன்சாவடிக்குப் போய்ச் சொல்வாள், சாயங்காலத்துக்குள் அக்காவுக்கும் வந்துவிடும். பஸ் போய்ச் சேர்வதற்கு முன்னால் ஒருநாளும் வந்ததில்லை. இதைச் சொல்லிக் கேலி செய்தால், படித்த திமிர் என்பாள்.

அக்காவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது என் கேலி நின்றது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா அவளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“காலெல்லாம் வீங்கிக்கீதுடி. மூஞ்சியும் உப்பிக்கீது. தல இடிக்குதாம், கண்ணு மங்குதாம்.”

“ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனியா?”

“உனுக்குத் தல வலிக்குதா?”

“எனுக்கா? இல்ல.”

“அப்போ அவுளுக்கும் ஒண்ணுமில்ல. சூட்டு வலிதான்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவ தல அவ கழுத்து மேல கீது, என் கழுத்து மேல இல்ல” என்று கத்தினேன். சாப்பிடாமல்கூட அம்மாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டுக்காரர் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போயிருந்தார். அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்திருந்தாள், வெளிச்சம் பட்டால் தாங்கவில்லை என்றாள். அம்மா ஆட்டோ பார்க்கப் போனதும் கேட்டேன், எனக்கு வந்ததெல்லாம் அவளுக்கும் நிஜமாகவே வந்ததா என்று.

“எனுக்கு எங்கடி வந்துச்சு? நீ படுத்துக்கினா அம்மா வந்து என் மூஞ்சியவே பாக்கும். ஆமான்னு சொன்னா அதுக்கு ஒரு சந்தோசம்.” கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், “இது நெஜமாவே வலிக்குதுடி.”

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் எங்களிடம் அதிகம் பேசவில்லை. குழந்தையை உடனே வெளியே எடுக்க வேண்டும், இரண்டு உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது எப்படித் தெரியும்? காலையிலிருந்து பட்டினி, ஆட்டோப் புகை, பயம் எல்லாம் சேர்ந்து எனக்கு மண்டை பிளந்தது.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“உனுக்கு எப்டி கீது?”

இந்தக் கேள்விக்காகத்தான் மத்தியானம் கத்தியிருந்தேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நல்லா கீறேம்மா. ஒண்ணுமே இல்ல.”

அம்மா பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தாள். தலையைப் பிடித்துக்கொண்டால் பார்த்துவிடுவாள் என்று, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நான் டாக்டர் உள்ளே போன அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.