ராஜன் அத்தான் சொன்ன ஆமென்

என் அக்கா குமுதா கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த குழம்பு ஆறிப்போகும். காப்பாரில் அவள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் கொசுவர்த்தி கொளுத்தி, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு சங்கீதம் வாசித்து, அப்புறம்தான் ஜெபம். முதலில் போதகர் ஐயா, பிறகு நாட்டை ஆளுகிறவர்கள், பிறகு சுபாங் ஜெயாவில் வேலை செய்யும் அவள் மகன் பிரவின், பிறகு பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில் நின்று நின்றே கால் வீங்கும் அவள் தங்கை நான். அதற்கும் பிறகு கோழி, ஆடு, கத்திரி, பயற்றங்கொடி என்று தோட்டம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. சனிக்கிழமை கடை முடிந்து ரயிலைப் பிடித்துக் கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து பஸ் ஏறி வந்திருப்பேன். பசி காதை அடைக்கும். "கத்திரிக்காய்ல பூச்சி இருக்கிறது ஆண்டவருக்குத் தெரியும் லா, சீக்கிரம் முடி அக்கா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு கண்ணைக்கூடத் திறந்ததில்லை.

அந்த வீட்டில் என் கட்சிக்காரர் ஒருவர் உண்டு. அக்காவின் கணவர் ராஜன் அத்தான். அவர் கிறிஸ்தவர் இல்லை. கல்யாணப் பேச்சின்போதே "உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு, சோறு மட்டும் ஒண்ணா" என்று முடித்துக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைத் தன் பழைய வேனில் கிள்ளான் சர்ச்சில் இறக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் பேப்பர் படிப்பார். ஆராதனை முடியும்வரை உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். வீட்டு ஜெபத்தில் மட்டும் ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவார். அக்கா மூச்சு வாங்குகிற இடம் பார்த்து, வீட்டிலேயே பெரிய குரலில் "ஆமென்" என்பார். அந்த ஆமெனுக்கு அடுத்தது சோறு என்று அவருக்குத் தெரியும்.

வீடும் அதைச் சுற்றியுள்ள அரை ஏக்கரும் எங்கள் அப்பா விட்டுப்போனது. எனக்கு மண்ணைக் கண்டாலே தும்மல் வரும், அதனால் எல்லாம் அக்காவுக்கே என்று விட்டுவிட்டேன். மரவள்ளி, வாழை, முருங்கை, முட்டை, ஆட்டுப்பால் என்று அங்கே விளைவதைத்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய்கூட வீட்டில் காய்ச்சியது. மிச்ச முட்டைக்குப் பிரவின் வாட்ஸ்அப்பில் ஆள் பிடித்துக் கொடுப்பான். அக்கா அந்தத் தோட்டத்துக்கு இரண்டு சட்டம் போட்டிருந்தாள். முதலாவது, எது விளைந்தாலும் முதல் பங்கு ஆண்டவருக்கு. முதல் வாழைத்தாரும் முதல் பயற்றங்காய்க் கட்டும் நேராகச் சர்ச்சுக்குப் போகும். இரண்டாவது, சட்டிக்குப் போகிற எதற்கும் பெயர் வைக்கக்கூடாது.

அத்தான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். நோய்த்தொற்றுக் காலத்தில் இரவு பகலாக ஓடிய தொழிற்சாலை அது. நோய் அடங்கியதும் ஆள் குறைத்தார்கள், அதில் அவரும் ஒருவர். அதற்கு முன்பு அவர் பேச்சை நிறுத்த ஆள் தேட வேண்டும். வேலை போனபிறகு வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் செய்யவேண்டிய வேலையைச் செய்வார், சாப்பிடுவார், படுப்பார். எதைக் கேட்டாலும் "ம்". ஜெபத்தில் வரும் ஆமென் மட்டும் நிற்கவில்லை. அக்கா ஒருநாள் என்னிடம் போனில் அழுதாள். "மனுசன் கூடவேதான் இருக்காரு. ஆனா வீட்டுல நான் தனியா இருக்கேன்டி." வெட்டிப் பேச்சென்றாலே எரிந்து விழும் அக்கா, அவர் பேச்சுக்கு ஏங்கிப்போனாள்.

கம்போங் மேடானிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறிப்போன ஒருவர், வைத்துக்கொள்ள இடமில்லை என்று ஒரு சினை ஆட்டை இவர்களுக்குக் கொடுத்தார். அது குட்டி போடுவதற்கு முந்தின வாரம் தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. அன்று ஜெபத்தில் அக்கா, "ஆண்டவரே, இந்த வாயில்லா ஜீவன் வயித்துல இருக்கிறத நல்லபடியா காப்பாத்திக் குடுங்க. மொத குட்டிய அறுப்பின் பண்டிகைக்கு உங்களுக்கே படைக்கிறோம்" என்று பொருத்தனை செய்தாள். அவள் மூச்சு வாங்கினாள். அத்தான் "ஆமென்" என்றார். என்ன சொன்னாள் என்று அவர் காதில் விழவே இல்லை. நானும் அங்கேதான் இருந்தேன். அன்றைக்கு நெத்திலிக் குழம்பு.

ஒரே ஒரு கிடாக்குட்டி பிறந்தது. தாய் ஆடு பிழைக்கவில்லை. அக்கா மற்ற ஆட்டின் மடியில் குட்டியை விட்டுப் பார்த்தாள். அது உதைத்துத் தள்ளியது. அத்தான் ஒன்றும் பேசாமல் பார்மசிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற போத்தல் ஒன்று வாங்கி வந்தார். குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கொட்டகையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. "குடிங்க பாஸ். மெதுவா. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க." எட்டிப் பார்த்தேன். அத்தான்தான். குட்டிக்குப் பெயர் வைத்துவிட்டார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு, "இந்த பாஸ் என்னைய வேலைய விட்டு நிறுத்தமாட்டாரு, அதான்" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. நான் கோபக்காரிதான், ஆனால் அன்றைக்குக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

முதலில் ஆட்டோடு பேசினார். பிறகு ஆட்டைப் பற்றி அக்காவிடம் பேசினார். கல்யாணமுருங்கை இலை என்றால் அதற்கு உயிர், லோரிச் சத்தம் கேட்டால் நடுக்கம், தூங்கும்போது காது ஆடும் என்று கதை கதையாகச் சொன்னார். போகப்போக உலகத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். அக்காவின் முகத்தில் பத்து வயது குறைந்தது.

அறுப்பின் பண்டிகை நெருங்கியதும் அவளுக்கு அந்தப் பொருத்தனை உறுத்த ஆரம்பித்தது. எங்கள் சர்ச்சில் படைக்கிற காய்கறி, பழம், கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். கிடாக்குட்டி ஏலத்துக்குப் போனால் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா போதகரிடம் ஓடினாள். அவர் நல்ல மனுஷர். "அதுக்குப் பதிலா வேற குடுங்கம்மா, ஆண்டவர் மனசத்தான் பாக்குறவரு" என்று சொல்லி அனுப்பினார். அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்து, குட்டிக்குப் பதில் ஒரு கூடை கோழி கொடுக்கலாம் என்று அப்போதுதான் அத்தானிடம் விஷயத்தையே சொன்னாள்.

அத்தான் கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நான் ஆமென் சொன்னனா?"

"சொன்னீங்க. ஆனா நீங்க கேக்கல..."

"கேக்காம சொன்னது என் தப்பு. இத்தன வருசத்துல உங்க சாமிகிட்ட நான் பேசுனது அந்த ஒரே வார்த்ததான் குமுதா. அதையும் மாத்திப் பேசச் சொல்றியா?"

வேண்டிக்கொண்டவள் விட்டுவிடலாம் என்கிறாள். சர்ச் கேட்டைத் தாண்டாத மனுஷன் முடியாது என்கிறார். இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தலையில் குட்டலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. "நான் ஏலத்துல எடுத்துட்டுப் போறேன் அத்தான், பிரச்சன முடிஞ்சது" என்றேன். அவர் கையை ஆட்டித் தடுத்தார். "குடுத்துட்டுச் சொந்தக்காரங்கள விட்டுத் திருப்பி வாங்குனா அது குடுத்ததா? நீயும் கையத் தூக்கக்கூடாது, உங்க அக்காவும் தூக்கக்கூடாது." அதோடு சரி. அந்த வாரம் முழுக்க "ம்" திரும்பி வந்துவிட்டது. குட்டி போனால் மனுஷன் திரும்பவும் ஊமையாகிவிடுவார், இந்த முறை மீளமாட்டார் என்று அக்கா பயந்தாள். எனக்கும் அதே பயம்தான், நான் வெளியே சொல்லவில்லை.

பண்டிகையன்று காலையில் அத்தான் குட்டியைக் குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, சீப்பால் வாரிவிட்டார். ஆராதனை முடியும்வரை வழக்கம்போல வெளியே மரத்தடியில் இருந்தார். ஏலம் ஆரம்பித்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

முதலில் பூசணிக்காய். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "மறுபடியும் ஆண்டவருக்கே" என்று பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை மறுபடி ஏலம் விடுவார்கள். நல்ல பூசணிக்காய் ஒன்று இருந்தால் சர்ச் கூரையையே மாற்றிவிடலாம் என்று நான் கேலி பேசுவேன். அன்றைக்குக் கேலி பேசவும் தோன்றவில்லை.

குட்டியின் முறை வந்தது. ஏலம் விடும் அய்யாவு அங்கிள் விலை கேட்டார். சபை முழுக்க விஷயம் தெரியும் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. ஷா ஆலம் சபையிலிருந்து வந்திருந்த நாகையா; கேட்டரிங் நடத்துகிறவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. "பொறந்தநாள் விருந்து ஒண்ணு இருக்கு, சரியா இருக்கும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அய்யாவு அங்கிள் எவ்வளவோ இழுத்துப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஏலத்தை முடித்தார்.

நாகையா வந்து கயிற்றை வாங்கினார். அத்தான் உடனே விடவில்லை.

"அண்ணே, சாயங்காலம் ஒரு போத்தல் பால் குடுத்துருங்க. வெதுவெதுன்னு இருக்கணும். வாழப்பழத் தோல் வேணாம், வயித்துக்கு ஒத்துக்காது. கல்யாணமுருங்க எல இல்லன்னா பலா எல போடுங்க. லோரிச் சத்தம் கேட்டா பயப்படுவாரு, அப்ப மட்டும் பக்கத்துல நின்னுக்குங்க. ஒண்ணும் செய்ய வேணாம், நின்னா போதும்."

நாகையா கயிற்றைப் பார்த்தார், அத்தானின் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ கல்யாணத்துக்கு ஆட்டிறைச்சி பிரட்டின அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. அய்யாவு அங்கிள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி "மறுபடியும் ஆண்டவருக்கே" என்றார். அவர் குடும்பத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

குட்டி மறுபடி ஏலத்துக்கு வந்தது. அய்யாவு அங்கிள் கூவினார். ஒரு கைகூட எழவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளின் கையை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டார்கள். என் கையை நானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது இருந்த வேகத்துக்கு என்னைக் கேட்காமலே எழுந்திருக்கும். அவர் இன்னொரு தரம் கூவிவிட்டு, "எடுக்க ஆள் இல்ல. குட்டி சபைக்கே சொந்தம்" என்று கட்டையைத் தட்டினார்.

போதகர் அத்தானிடம் வந்தார். "சபைக்கு ஆட்டுக் கொட்டக இல்ல ராஜன். நீங்கதான் வச்சுப் பாத்துக்கணும்."

அத்தான் தலையை ஆட்டினார். "எல்லாருமா சேந்து எனக்கே திருப்பிக் குடுக்குறீங்க. வேணாம் ஐயா, தப்பு."

"உங்களுக்குக் குடுக்கல. ஆடு ஆண்டவரோடது. பாத்துக்க ஒரு ஆள் வேணும். நான் வேலைக்குத்தான் ஆள் கேக்குறேன்."

"வேலையா?"

"வேலதான்."

அத்தான் குட்டியைப் பார்த்தார். "இனிமே எனக்கு யாரு வேல குடுக்கப்போறான்னு நெனச்சேன் ஐயா" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கயிற்றுக்குக் கையை நீட்டினார். "சேந்துக்கறேன்."

அக்கா அந்த வளாகத்துச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. பாதிப் பேர் அவளோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது குட்டி என் மடியில்தான் வந்தது. புதுப் புடவை பாழானதைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வேன் கிளம்பியதும் அத்தான் பேச ஆரம்பித்தார். கொட்டகைக்குத் தகரம் மாற்ற வேண்டும், சபை ஆடு ஒழுகுகிற இடத்தில் படுக்கக்கூடாது, போதகர் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். காப்பார் வரைக்கும் வாய் மூடவில்லை. அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.