வலது பக்கத்துப் பெட்டி

போன வாரம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடு மல்லுக்கட்டினேன். பெட்டிதான் ஜெயித்தது.

எனக்குப் பாட்டு கேட்கப் பிடிக்கும். பேச்சு வராது. லாரி ஓட்டுகிறவனுக்கு என்ன பேச்சு? பாலக்கோட்டில் தக்காளி ஏற்றினால் இறக்கும் ஊர் வரை ரோடுதான். லோடு இல்லாத மத்தியானங்களில் அந்தப் பழைய பெட்டிகளுக்கு நேராக நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். எங்கேயோ போய்விடுவேன்...

கொஞ்ச நாளாக வலது பெட்டி சரியில்லை. வாயில் துணி வைத்து அடைத்த மாதிரி பாடியது. இடது பெட்டியில் ஜால்ரா கேட்கும். வலதில் கேட்காது.

தருமபுரியில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். கொண்டுபோனேன். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே ஒரு சின்ன போர்டைக் காட்டினார். கிராஸ்ஓவர் என்றார். தடித்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லிய சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதில் ஒரு கண்டன்சர். ஃபேனில் இருக்குமே, அந்த வகைதான்.

“இது காஞ்சி போச்சு, டிரைவரே. நல்லதா ஒண்ணு போட்டா சத்தம் தெளிஞ்சுடும். அந்த இன்னொரு பொட்டியையும் எடுத்துட்டு வாங்க.”

“அது நல்லாத்தானே இருக்குது, பாய்?”

“லாரியில முன்னாடி ஒரு பக்கம் மட்டும் புது டயர் மாட்டுவீங்களா?”

அதையும் கொண்டுபோனேன். இரண்டுக்கும் மஞ்சள் நிறத்தில் புதுக் கண்டன்சர் வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பாட்டுப் போட்டேன். எப்படிச் சொல்வது? இடது பக்கம் பனி விலகியது. பாடுகிற பெண் பாடுவதற்கு முன் மூச்சு இழுக்கிறாள். இத்தனை வருடம் அந்த மூச்சு எங்கே இருந்தது? வீணைத் தந்தியில் நகம் படுகிறது. ஜால்ரா ஓசை மெலிந்து, மெலிந்து, ஒகேனக்கல் சாரல் மாதிரி காற்றிலேயே காணாமல் போகிறது. சுவர் இல்லை. நாற்காலி இல்லை. நானும் இல்லை.

வலது பெட்டியில் மட்டும் அதே துணி.

மறுநாள் இரண்டையும் தூக்கிக்கொண்டு மறுபடி பாய் கடை. பெஞ்சில் வைத்து ஓடவிட்டுக் கேட்டார்.

“ரெண்டும் ஒண்ணாத்தாங்க பாடுது.”

“இல்ல பாய். வலது மங்கலா இருக்குது.”

பெட்டிகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “அப்படியே திரும்பி உக்காருங்க. பொட்டிக்கு முதுகக் காட்டி.”

“என்ன பாய், வெளையாட்டா?”

“உக்காருங்க, சொல்றேன்.”

உட்கார்ந்தேன். துணி இடம் மாறிவிட்டது. அதுவரை தெளிவாகப் பாடிய பெட்டி இப்போது என் வலது பக்கம். அது மங்கிப்போனது. மங்கலாக இருந்தது இடது பக்கம் வந்து கணீரென்று பாடியது.

பாய் பாட்டை நிறுத்தினார். “பொட்டி மேல குத்தமில்லீங்க, டிரைவரே.”

வலது காது. ஜன்னல் பக்கத்துக் காது. இருபத்தெட்டு வருடக் காற்றும் ஹாரனும் அதற்குள்தான் போயிருக்கின்றன. லாரியில் எது தேய்ந்தாலும் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை — பெட்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் தொப்பூர் இறக்கத்தில் ஒரு கார் வலது பக்கம் முந்தி வந்தது. மயிரிழையில் தப்பியது. ஹாரன் அடிக்காமல் வருகிறான் பார் என்று திட்டினேன்.

அவன் அடித்திருப்பான்.

காது டாக்டரிடம் போனேன். மெல்லிய சத்தம் போனது போனதுதான், காது மெஷின் வைத்துப் பார்க்கலாம், லாரி ஓட்டுவது அதற்குப் பிறகு என்றார்.

லாரி முதலாளி அதை ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தப் பக்கம்தான் அவ்ளோ பெரிய கண்ணாடி இருக்குதே. பாத்து ஓட்டுப்பா. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கறா?”

எனக்கும் ஓட்ட ஆசைதான். வீட்டுக்காரியிடம் சொன்னேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“அவரு சொல்லுவாரு. பக்கத்துல கார்ல வர்றவனுக்கும் வூட்டுல ஒருத்தி இருப்பா.”

சாவியைக் கொடுத்துவிட்டேன். மெஷின் வந்து, டாக்டரும் சரி என்றால் பார்க்கலாம். அதுவரை பஸ்.

நேற்று பாலக்கோடு பஸ்ஸில் வலது ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். பேசுகிறவர்கள் இடது பக்கம் வரட்டும். ஒரு விவசாயி வந்து உட்கார்ந்தார். தக்காளியில் இப்போதுதான் பூ விடுகிறது என்று மெதுவாகச் சொன்னார்.

கேட்டது.