கையை எடுக்காத சிஸ்டர்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உண்டு. டாக்டர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அமுக்கு சிஸ்டர். இதயத்தில் அடைப்பு இருந்தால் தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் குழாயை உருவியதும் ஓட்டையின்மேல் விரல்களை வைத்து, ரத்தம் நிற்கும்வரை அமுக்கிப் பிடிப்பது அவள் வேலை. கால் மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். மூக்கு அரித்தாலும் கூரையே இடிந்து விழுந்தாலும் கையை எடுக்கக் கூடாது. இப்போதெல்லாம் பலருக்கு மணிக்கட்டு வழியாகவே காரியம் முடிந்துவிடுகிறது. மணிக்கட்டு ரத்தக்குழாய் ஒத்துழைக்காத முரண்டுக்காரர்கள்தான் அவளிடம் வந்து சேருவார்கள்.

அன்று வந்த முரண்டுக்காரர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். தங்கையோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. அம்மா இறந்த அன்று அவர் போன்மேல் போன் போட்டார். சிஸ்டர் ஒரு கிழவரின் தொடையை அமுக்கிக்கொண்டிருந்தாள். மாற்றிவிட ஆள் இல்லை. மற்றவர்கள் உள்ளே இன்னோர் உயிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அடித்துப்பிடித்து வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "எவனோ ஒருத்தன் தொடை உனக்கு அம்மாவைவிடப் பெருசாப் போச்சா?" என்றார் அண்ணன், அத்தனை பேர் முன்னாலும். அதன்பிறகு எத்தனை தூது விட்டும் மசியவில்லை. அண்ணனுக்கு நெஞ்சு வலி என்று அண்ணி சொன்னதிலிருந்து சிஸ்டருக்கு ஒரே பயம்தான், பேசாமலே போய்விடுவாரோ என்று.

நல்லவேளை, அடைப்பைச் சரிசெய்துவிட்டார்கள். குழாயை உருவும்போது மற்றவர்களிடம் என்றால், "வீட்டுல யாரு அதிகாரம், நீங்களா அவங்களா?" என்று கேட்பாள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் குழாய் வெளியே வந்துவிடும். அண்ணனிடம் அதைக் கேட்கவில்லை.

"அசையாத. இருமாத. தலையைத் தூக்காத," என்று மட்டும் சொல்லி, உருவி, அமுக்கினாள். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார். விரலுக்கடியில் அவருடைய நாடி துடித்தது. துடிக்கிறதே, இதுவே போதும் என்று நினைத்துப் பார்த்தாள். போதவில்லை.

அவள் சட்டைப்பையில் போன் அடித்தது.

"போன் அடிக்குது," என்றார் அண்ணன், சுவரிடம் சொல்வதுபோல.

"அடிக்கட்டும்."

"உங்க அண்ணியா இருக்கும். எடு."

"கையை எடுத்தா நீ ரத்தத்துல மிதப்ப. அப்புறம் அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?"

மணி ஓய்ந்து மறுபடி அடித்தது. அண்ணன் முகத்தை மட்டும் மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சுதா?"

"ம்."

"உடைஞ்ச குழாயைப் பிடிச்சிட்டு நிக்கிறவன் கையை எடுக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பண்றதே அந்த வேலைதானே." அண்ணன் பார்வையைக் கூரைக்கு மாற்றினார். "அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. 'அவ யாரையாவது பிடிச்சிட்டு நிப்பாடா, வந்தா திட்டாத'ன்னாங்க. கடைசியா சொன்னது அதுதான். நான் திட்டித் தொலைச்சேன். அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்கிட்ட பேசறது?"

அம்மா தன்னைத் தேடித் தவித்தபடியே போயிருப்பாள் என்றுதான் சிஸ்டர் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக் கை இல்லை. அண்ணன் போர்வை நுனியை எடுத்து அவள் முகத்தருகே நீட்டினார்.

"தலையைத் தூக்காதன்னு சொன்னேன்ல?"

"கையைத்தானே தூக்கறேன். கிட்ட வா. மூக்கைச் சிந்து."

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், நேரம் எப்பவோ ஆயிடுச்சு. கையை எடுத்துப் பாக்கலாமே?"

"இருக்கட்டும்மா," என்றார் அண்ணன். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."